கலயமும் கருவூலமும்

டிசம்பர் 25ஆம் நாள் நமக்குக் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, குடிலைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடி ஓய்ந்த அந்தக் காலைப் பொழுதில் நாளிதழை விரித்துப் படிப்போர் சிலரே. படிப்போர் கண்ணிலும் உள்பக்க மூலையில் வரும் ஒரு சிறு நினைவுக் குறிப்புப் பட வாய்ப்புக் குறைவு. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜி மறைந்தது 1972ஆம் ஆண்டு இதே நாளில்தான்.

அந்தக் குறிப்பில் அவரைப் பற்றி இப்போது எழுதப்படும் சொற்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் மூதறிஞர் என்பார்கள். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் என்பார்கள். பாரத ரத்னா என்பார்கள். இன்றோ, சுதந்திரச் சந்தையை முன்கூட்டியே கண்டுரைத்த தீர்க்கதரிசி என்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் கள்ளக்குறிச்சிக்கு அண்மையில் நடந்த ஓர் இளைஞர் கருத்தரங்கில் நானும் அமர்ந்திருந்தேன். பேச வந்த இளைஞர் நன்கு படித்தவர். இராஜாஜியின் பொருளாதாரக் கொள்கை என்று தொடங்கியவர், 1959இல் அவர் சுதந்திராக் கட்சியைக் கண்டதிலிருந்து 1991இல் மன்மோகன் சிங் கதவைத் திறந்துவிட்டது வரை ஒரே மூச்சில் சென்றார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடியதைச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நேருவின் பாதை தவறு, இராஜாஜியின் பாதை சரி என்று தீர்ப்பும் வழங்கப்பட்டது. சன்னல் வழியே மேற்கில் கல்வராயன் மலை நீலமாய்த் தெரிந்துகொண்டிருந்தது. அந்த மலையைப் பற்றியோ, அதன் அடிவாரத்து நகரில் 2024 ஜூனில் எரிந்த சிதைகளைப் பற்றியோ பேச்சாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு அவை இராஜாஜியோடு தொடர்புள்ளவையாகத் தோன்றவில்லை.

தொடர்பு உண்டு என்பதே என் வாதம். அந்தத் தீர்க்கதரிசிப் பட்டத்தை நான் மறுக்கிறேன். பட்டம் பெரிது என்பதால் மறுக்கவில்லை. அது அவருடைய வாழ்வின் மிகத் துணிவான பொருளாதாரச் செயலை மறைத்துவிடுகிறது என்பதால் மறுக்கிறேன்.

தமிழகத்தில் இராஜாஜிக்கு இரண்டு உருவப்படங்கள் உண்டு. ஒன்று, மேற்சொன்ன தீர்க்கதரிசி. மற்றொன்று, 1953இல் தொடக்கப் பள்ளி நேரத்தை அரைநாளாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்த மனிதர். குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் அதற்குச் சூட்டிய பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. நியாயமாகவே ஒட்டிக்கொண்டது என்பேன். அந்தத் திட்டத்தோடு அவருடைய ஆட்சியும் 1954 ஏப்ரலில் முடிந்தது; காமராசர் வந்தார்; திட்டம் போனது. ஒரு கூட்டம் முதல் படத்தை மாட்டுகிறது. மற்றொரு கூட்டம் இரண்டாம் படத்தை மாட்டுகிறது. 1937ஆம் ஆண்டின் இராஜாஜிக்கு எந்தச் சுவரிலும் இடமில்லை. அவர் இரு சாராருக்குமே தொல்லை தருபவர்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். நிதிப் பொறுப்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். அன்றைய மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆப்காரி வருவாய். இந்தச் சொல்லை இன்றைய இளைஞர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய தாத்தாக்களுக்கு நன்கு தெரியும். கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி, கடைகளை ஆண்டுதோறும் ஏலம் விடுவதால் வரும் தொகை, சாராயத்தின்மீது தீர்வை ஆகியவை சேர்ந்ததே ஆப்காரி. ஆங்கிலேய அரசு 1886ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக இதை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது. ஏலத்தில் எடுத்தவன் போட்ட முதலை எடுக்க வேண்டும். எனவே குடிப்பவன் பெருக வேண்டும். குடிப்பவன் பெருகினால் அடுத்த ஆண்டு ஏலத்தொகை உயரும். அரசு யாரையும் குடி என்று கூறத் தேவையே இல்லை. ஏல முறையே அந்த வேலையைச் செய்தது.

இந்தச் சுழற்சியின் நடுவில் கை வைத்தவர் இராஜாஜி. 1937 அக்டோபர் 1 அன்று, தாம் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும், அதற்கடுத்த ஆண்டு வடார்க்காடும் சேர்ந்தன. நமது கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே கல்வராயன் மலையின் ஆத்தூர்ப் பக்கம் சட்டப்படி கள் இல்லாத மாவட்டம். கள்ளக்குறிச்சிப் பக்கம் கடை உள்ள மாவட்டம். ஒரே மலையின் இரு சரிவுகள் இரு வேறு ஆட்சிக்கு உட்பட்டவைபோல் இருந்தன.

இதுவரை உள்ளதை எல்லாரும் ஒழுக்கக் கதையாகவே சொல்வார்கள். காந்தியின் சம்பந்தி, திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் இருந்தவர், "விமோசனம்" என்று மதுவிலக்குக்காகவே இதழ் நடத்தியவர்; அவர் குடியை ஒழிக்க முனைந்ததில் வியப்பென்ன என்பார்கள். நான் கேட்பது வேறு. நான்கில் ஒரு பங்கு வருவாயைத் தள்ளிவிடப் புறப்பட்ட நிதியமைச்சர் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்ப நினைத்தார்? கடன் வாங்கினாரா? பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ள பணத்தை வெட்டினாரா?

1939இல் அவர் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே முதன்முதலில் பொது விற்பனை வரி விதித்த மாகாணம் சென்னைதான். வணிகர்கள் கொதித்தார்கள். கதர் உடுத்திய அரசு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். இராஜாஜி அசையவில்லை. கூலிக்காரன் தன் கலயத்தின் வழியாகச் செலுத்திவந்த வரியை இனி கடை வைத்திருப்பவர்களும் பொருள் வாங்குபவர்கள் அனைவரும் பகிர்ந்து செலுத்தட்டும் என்பதே அந்தச் சட்டத்தின் பொருள். பிற்காலத்தில் எவரை வணிகர்களின் நண்பர் என்று கட்சிகள் தூற்றினவோ, அவரே வணிகர்களின்மீது முதல் பொது வரியைச் சுமத்தியவர். சுதந்திரச் சந்தையின் தூதர் என்று அவரைக் கொண்டாடுவோர் இதை ஏன் சொல்வதில்லை என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. 1938ஆம் ஆண்டின் உழவர் கடன் நிவாரணச் சட்டமும் அவருடையதே. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி முழுவதும் அச்சட்டப்படி தள்ளுபடி. உழவன் அசலைக் கட்டினால் போதும். வாங்கிய கடனைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நாளைக் கவனியுங்கள். வட்டி நின்ற அதே அக்டோபர் 1தான் சேலத்தில் கடைகள் மூடிய நாளும். குடிசைக்குள் இருந்து பணம் வெளியேறும் இரண்டு பெரிய ஓட்டைகள் குடியும் வட்டியும். இரண்டையும் ஒரே ஆட்சிக்காலத்தில் அடைக்க முயன்றார். ஏழையின் கையில் வரும் கூலியை உயர்த்த அரசால் உடனே முடியாது. அவன் கையைவிட்டுப் போவதையாவது நிறுத்தலாம் என்பது ஒரு பொருளாதாரச் சிந்தனை. பொருளாதாரப் பாடநூல்களில் இதற்குப் பெரிய பெயர் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மாலையில் கணவனின் கூலிக்காக வாசலில் காத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தக் கணக்கு என்னவாயிற்று என்று பார்ப்போம். 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது; விற்பனை வரியை நிறுத்தவில்லை. விடுதலைக்குப் பின் நம் தென்னார்க்காட்டுக்காரரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் 1948இல் மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கைக் கொண்டுவந்து முடித்தார். 1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு அதைத் தள்ளிவைத்தது. முன்பே மதுவிலக்கு நடத்திவரும் மாநிலத்துக்கு நடுவண் அரசு இழப்பீடு தர மறுத்தது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றிரண்டு வயது இராஜாஜி முதலமைச்சரை நேரில் கண்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பயனில்லை. 1967இல் எந்தக் கட்சியோடு கைகோத்துக் காங்கிரசை வீழ்த்தினாரோ அந்தக் கட்சியின் ஆட்சி அது. 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1991இல் ஜெயலலிதா மலிவுச் சாராயத்தைத் தடை செய்தார். 2003இல் அவரே மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தார். எந்தக் கட்சியும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது.

இந்த நெடிய பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் எப்போதும் நிற்கவில்லை. கள்ளுக்கடை திறந்தபோதும் மூடியபோதும் விற்பனை வரி இருந்தது. ஆப்காரிக்கு மாற்றாக வந்த வரி, ஆப்காரி திரும்பி வந்தபின்னும் போகவில்லை. ஒரு நோய்க்கு மருந்து என்று வாங்கியதற்கு விலையும் கொடுத்தோம்; நோயையும் திரும்பப் பெற்றோம். அதோடு நின்றிருந்தாலும் பொறுக்கலாம். விற்பனை வரி 2007இல் மதிப்புக் கூட்டு வரியாக மாறியது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்கள் அதன்கீழ்ச் சென்றன. மதுபானம் மட்டும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியிலேயே தங்கிவிட்டது. தமிழக அரசுக்கு டாஸ்மாக் வழியாகக் கிடைத்த வருவாய் 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாய். 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் ஆயத்தீர்வை சிறு பங்கு. பெரும் பங்கு மதிப்புக் கூட்டு வரி. கருவூலத்தைக் கலயத்திலிருந்து விடுவிப்பதற்காக இராஜாஜி கண்டுபிடித்த வரியின் வழித்தோன்றல், இன்று கலயத்தின்மேலேயே விதிக்கப்பட்டு, கலயத்து வருவாயின் பெரும்பகுதியாக நிற்கிறது.

இதைவிடக் கொடிய நகைச்சுவை ஒன்றும் உண்டு. டாஸ்மாக் கடைகள் எந்தச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன தெரியுமா? 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்! இராஜாஜி இயற்றிய அதே சட்டம். அதன்கீழ் வகுக்கப்பட்ட 2003ஆம் ஆண்டு விதிகளே கடை எப்போது திறக்க வேண்டும், எங்கே திறக்கக் கூடாது என்று கூறுகின்றன. மதுவை விலக்கச் செய்த சட்டத்தின் பெயரால் மது விற்கப்படுகிறது. சட்டத்தின் தலைப்பை மாற்றும் நேர்மைகூட இத்தனை ஆண்டுகளில் எந்த அரசுக்கும் தோன்றவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூன் 18, 19 நாள்களில் நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். வயிற்றெரிச்சல், வாந்தி, பிறகு கண் மங்கல். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் மூட்டை தூக்குவோரும் கட்டட வேலைக்குப் போவோருமான அன்றாடக் கூலிகள், தலித் மக்கள், பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் அடுத்தடுத்து எரிந்தன. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மேயில், மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே நஞ்சு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது.

கொன்றது மெத்தனால். அது எந்த ஊறலிலும் பானையிலும் காய்ச்சியது அன்று, தொழிற்சாலைகளுக்கான வேதிப்பொருள். லாரியில் சாலை வழியாக வந்தது. ஆனால் சாவுக்குப் பின் காவல்துறை எங்கே ஏறியது? கல்வராயன் மலைக்கு ஏறியது. ஓடைகளில் ஒளித்து வைத்த ஊறல்கள் அழிக்கப்பட்டன. வெல்லமும் கடுக்காய்ப் பட்டையும் கொட்டப்பட்டன. மலையில் சாராயம் காய்ச்சப்படுவதில்லை என்று நான் சொல்லவில்லை. நெடுங்காலமாகக் காய்ச்சப்படுகிறது என்பது இந்த வட்டாரத்தில் யாரும் அறிந்த செய்தி. ஆனால் அந்த வாரம் மக்களைக் கொன்றது மலைச் சரக்கு அன்று. நஞ்சு கீழே வந்தது. தண்டனை மேலே போனது.

அவர்கள் ஏன் அதைக் குடித்தார்கள் என்று கேட்டால் விடை கடினமானதன்று. அரசுக் கடையில் மிக மலிவான குவார்ட்டர் 140 ரூபாய். பாக்கெட் அதில் பாதி விலைக்கும் கீழே. அரசு தன் வருவாய்க்காக விலையை ஏற்ற ஏற்ற, அந்த விலை எட்டாதவன் பாக்கெட்டுக்கு இறங்குகிறான். குடியை அவனுக்குப் பழக்கிய கடை ஒன்று. அவனைக் கொன்ற கடை மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவு எழுபது, எண்பது ரூபாய்.

அதே மாத இறுதியில் சட்டமன்றம் கூடி மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத தண்டத்தொகை என்று கடுமை கூடியது. வேண்டியதுதான். ஆனால் பாருங்கள்: இராஜாஜி விட்டுச்சென்ற கொள்கையில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று போலீஸ்காரர், மற்றொன்று கணக்குப்பிள்ளை. நாம் போலீஸ்காரரை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அவருக்குப் பெரிய தடியாக வாங்கிக் கொடுக்கிறோம். கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம்.

இப்படிச் சொல்வதால் நான் இராஜாஜியைத் திருநிலைப்படுத்தப் புறப்பட்டேன் என்று எண்ண வேண்டாம். அவருடைய குறைகள் சிறியவை அல்ல. தடியை நம்பியது அவருடைய முதல் குறை. மரமேறிகளின் பிழைப்பு ஒரு நாளில் போனது. பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்று வழி சொன்னார்கள். அது கள்ளுக்கு ஈடான வருவாயைத் தரவில்லை. நம் தென்கோடிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பனையேற்றத்தின் கதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடிபட்டவர்கள் எப்போதும் குடிசைக்காரர்கள். வசதியானவர்கள் மருத்துவச் சான்றிதழும் பர்மிட்டும் காட்டித் தப்பினார்கள். பர்மிட் ராஜ்யத்தைத் திட்டிய பெரியவரின் சட்டத்திலேயே பர்மிட்டுக்கு இடம் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரைநாள் பள்ளித் திட்டம் பெரும் பிழை. கூலிக்காரன் குடிக்காமல் மிச்சப்படுத்திய காசு அவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் பயன்பட வேண்டும். 1937இல் அந்தக் காசை மீட்டுக் கொடுத்தவர், 1953இல் அந்தப் பள்ளியின் கதவைப் பாதி சாத்தினார். ஒரு கையின் வேலையை மறு கை கெடுத்தது. மங்களம் பாடும் நூல்கள் இதை நேர மேலாண்மைச் சிக்கல் என்பதுபோல் கடந்துபோகின்றன; ஏற்கமாட்டேன்.

மூன்றாவது குறை மலையில் இருக்கிறது. சுதந்திராக் கட்சி 1959இல் எழுந்தபோது அதன் உடனடிக் காரணம், அவ்வாண்டு ஜனவரியில் காங்கிரஸ் நாக்பூரில் நிறைவேற்றிய கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம். உழவனின் நிலத்தை அரசு விழுங்கிவிடும் என்று இராஜாஜி அஞ்சினார். நிலமுள்ளவனின் அச்சம் அது. அதே ஆண்டில் கல்வராயன் மலையில் என்ன நிலைமை? சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் மலையாளிப் பழங்குடி மக்கள் இருந்தார்கள். சாமையும் தினையும் விதைத்த நிலம் அவர்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுத் தாள் இல்லை. வரி ஜாகீர்தாருக்கு, கூலியில்லா உழைப்பும் ஜாகீர்தாருக்கு. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தது. மலை அரசின் கைக்கு வந்ததோ 1976இல்தான். இந்தியா குடியரசாகி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு! அங்கே லைசென்ஸ் ராஜ்யமும் இல்லை, சந்தையும் இல்லை. மேலே ஒரு துரை இருந்தார், அவ்வளவுதான். அரசு விலகிக்கொண்டால் மனிதன் தழைப்பான் என்ற சித்தாந்தத்தை அந்த மலையில் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். அரசு அங்கே போகாமலேயே விலகி இருந்தது, மனிதன் தழைக்கவில்லை. (காமராசர் ஆட்சியைப் பொற்காலம் என்போரும் இந்த மலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது வேறொரு கட்டுரைக்கு உரியது.)

மலை அரசின் கைக்கு வந்தபின்னும் நிலம் மக்களின் கைக்கு எளிதில் வரவில்லை. உழுத இடம் காடு என்றார்கள். 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. தமிழகத்தில் பட்டா வழங்கும் பணி நீதிமன்ற ஆணை ஒன்றால் தடைப்பட்டு 2016 வரை நின்றது. பட்டா இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை. சாலை இல்லாத ஊரில் விளைந்த மரவள்ளிக்கு வண்டிக்கூலிதான் மிச்சம். தலையில் சுமந்து இறக்கக்கூடியதும், எடைக்கு மிகுந்த விலை தருவதும், முன்பணம் கொடுக்க வியாபாரி காத்திருப்பதுமான பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத்தான் அவர்களுள் சிலர் காய்ச்சினார்கள். கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் கேட்டவை சாலை, பள்ளி, மருத்துவமனை, குடும்ப அட்டை ஆகியவை பற்றித்தான். ஊறலைக் கண்டுபிடிக்க ஆளில்லா விமானம் அனுப்பும் அரசுக்கு, ஊருக்கு ஒரு பேருந்து அனுப்ப முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே அவரை எதிர்ப்போர் சொல்லும் குற்றங்களுள் பலவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். அவரைப் புகழ்வோர் சொல்லும் பெருமையைத்தான் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 1959ஆம் ஆண்டின் இராஜாஜி உலகெங்கும் பலர் சொன்னதையே சொன்னார், திறம்படச் சொன்னார். 1937ஆம் ஆண்டின் இராஜாஜி செய்ததை அதற்குப் பின் இந்நாட்டில் நிதியமைச்சர் எவரும் எளிதில் செய்யத் துணியவில்லை. வருகிற வருவாய் எல்லாம் வருவாய் அன்று என்று கருவூலத்தின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுதல் எளிதான செயலா? யூதாசு திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது முறையன்று என்று தலைமைக் குருக்களுக்கே தோன்றியது. ஆண்டவரை விலைபேசியவர்களுக்கு இருந்த அந்தக் கூச்சம் நம் வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இங்கே அறிவாளிகள் பீகாரைக் காட்டுவார்கள். 2016இல் முழு மதுவிலக்குக் கொண்டுவந்த மாநிலம். 2022 டிசம்பரில் அங்கே சாப்ரா பக்கம் நச்சுச் சாராயத்தால் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மதுவிலக்கு இருந்தால் கள்ளச் சாராயம் வரும் என்பார்கள். உண்மை. கள்ளக்குறிச்சியில் கடைகள் திறந்திருந்தபோதே வந்ததே, அதற்கு என்ன விடை? கடை மூடியிருந்தாலும் சாகிறார்கள், திறந்திருந்தாலும் சாகிறார்கள் என்றால், நாளையே எல்லாக் கடைகளையும் பூட்டு என்பது என் கோரிக்கையாக இருக்க முடியாது. என் கேள்வி குடிப்பவனைப் பற்றியதன்று, கருவூலத்தைப் பற்றியது. அந்த வருவாய் இல்லாமல் ஓர் ஆண்டு வாழ முடியாத அரசு, குடியைக் குறைக்க விரும்புகிறது என்று யார் நம்புவது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எத்தனை கோடிக்கு விற்பனை என்று நாளிதழ்கள் வெற்றிச் செய்திபோல் வெளியிடுகின்றன. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கப்படுகிறது. நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால் மனைவியின் கணக்கில் அரசு போடும் அந்த 1,000 ரூபாய், கணவன் 140 ரூபாய்க் குவார்ட்டரை வாரம் இரண்டு முறை வாங்கினால் மாதம் முடியுமுன் கடைக்குப் போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி வரியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. இதைக் கணக்கிடக் கணிப்பொறி வேண்டாம். சுவரில் கரிக்கோடு போதும்.

ஆண்டுக்கு இவ்வளவு என்று மது வருவாயை வரவுப் பக்கத்திலிருந்து குறைத்து எழுது. அந்த இடத்தில் வசதியுள்ளவர் செலுத்தத்தக்க வேறொரு வரியை எழுது. மலையடிவாரத்து மாவட்டத்திலிருந்து தொடங்கு. 1937இல் மாவட்டம் மாவட்டமாகச் செய்தது இதைத்தான். அன்று அவரிடம் இருந்தவை ஒரு மாகாணமும், பாதி அதிகாரமும், வெள்ளைக்கார ஆளுநரும். இன்றைய அரசிடம் எத்தனையோ மடங்கு வருவாய் இருக்கிறது.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். நம் பங்குகளில் மதுவிலக்குக்காக உண்ணா நோன்பு இருக்கிறோம், துண்டறிக்கை வெளியிடுகிறோம். திருவிழாவின் பத்தாம் நாள் தேர் நிலைக்கு வரும் நேரத்தில் பங்கு இளைஞர்களில் பாதிப் பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். கானாவூர்த் திருமணத்தைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. கானாவூரில் திராட்சை இரசத்தைக் கொண்டு யாரும் வரவு செலவுத் திட்டம் போடவில்லை.

கருத்தரங்கு முடிந்து தேநீர் வழங்கிய நேரத்தில் அந்த இளம் பேச்சாளரிடம் சென்றேன். தம்பி, விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தவர் யார் தெரியுமா என்று கேட்டேன். நேருவின் அரசாக இருக்கும் என்றார். இராஜாஜி என்றேன், எதற்காக என்றும் சொன்னேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தம் உரைக் குறிப்பின் பின்பக்கத்தில் 1939 என்று எழுதிக்கொண்டு, "ஐயா, அந்தப் பணத்தை ஈடுகட்டவா?" என்று மீண்டும் ஒருமுறை கேட்டார்.